செவிக்கா? கண்ணுக்கா?

நுழையும்முன்

அறிந்த ஒன்றை அறியாதவரிடம் கொண்டு சேர்க்க எண்ணுவோர் முன் இன்று இரண்டு வழிகள் திறந்துள்ளன. குரலைப் பதிவு செய்து கேட்கச் செய்யலாம். காட்சியைப் பதிவு செய்து காணச் செய்யலாம். கையிலுள்ள திறன்பேசி இரண்டையும் செய்கிறது. எனினும் எந்தச் செய்திக்கு எந்த வடிவம் என்னும் வினாவுக்குக் கருவி விடை சொல்வதில்லை. அவ்வினாவை வயலிலும் கடற்கரையிலும் வகுப்பறையிலும் எதிர்கொண்ட முயற்சிகள் சிலவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒருமுறை உருவாக்கிப் பலருக்கும் பலமுறை வழங்கத்தக்க அறிவுரை, பயிற்சி, பாடம், அறிவிப்பு ஆகியவற்றைத் தகவற்படைப்பு எனலாம். அதனை உருவாக்குவோர் பெரும்பாலும் 'எதைச் சொல்வது' என்பதில் காட்டும் அக்கறையை 'எப்புலன் வழியாகச் சொல்வது' என்பதில் காட்டுவதில்லை. காணொலியே உயர்ந்தது, ஒலிப்பதிவு அதற்கு ஒரு படி கீழானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வானொலிக்குப் பின் தொலைக்காட்சி வந்தது என்பதால் தோன்றிய எண்ணம் அது. பின்னால் வந்த கருவி முன்னால் இருந்ததை எல்லா இடங்களிலும் வென்றுவிடவில்லை.

கேட்டலைக் கற்றலின் வாயிலாகத் தமிழர் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளனர். திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் தனியே அமைந்துள்ளது. பாடம் கேட்கும் மாணாக்கனின் செவியை வாயாக உருவகிக்கிறது நன்னூல். கல்லாதவரும் கேட்டுத் தெளியலாம் என்ற நம்பிக்கையின் மீதுதான், இருபதாம் நூற்றாண்டில் இந்திய வானொலியின் ஊர்ப்புற ஒலிபரப்பும் கட்டப்பட்டது.

வானொலி நெல்

1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டி. 27 என்னும் நெல் இரகம் வேகமாகப் பரவியது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அந்த இரகத்தின் பெயரையும் இயல்பையும் உழவர்களிடம் எடுத்துச் சென்றதில் திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை இல்ல ஒலிபரப்புக்குப் பெரும்பங்கு உண்டு. விளைவு, உழவர் நாவில் அந்த நெல்லின் பெயரே மாறிப்போனது. கடைகளில் அவர்கள் கேட்டது 'ரேடியோ நெல்'. ஓர் ஊடகத்தின் பெயர் ஒரு தானியத்தின் பெயராக ஆனது அரிய நிகழ்வு.

அங்கே ஒலி மட்டும் போதுமானதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. காவிரிப் பாசனப் பகுதி உழவருக்கு நெல் புதிதன்று. நாற்றங்கால் அமைக்கவும், நாற்றுப் பறிக்கவும், நடவும், களையெடுக்கவும் அவர்களின் கைகள் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருந்தன. புதியதாக வந்தவை ஒரு பெயர், வயது, விதைக்கும் நாள், இடவேண்டிய உரத்தின் அளவு ஆகியவையே. இவை யாவும் சொல்லாலும் எண்ணாலும் ஆனவை. சொல்லும் எண்ணும் செவி வழியே முழுமையாகச் செல்லும். எருதை ஓட்டிக்கொண்டோ, வரப்பில் அமர்ந்து கஞ்சி குடித்துக்கொண்டோ கேட்டாலும் அவற்றில் ஒன்றும் குறைவதில்லை.

கை அறிந்திருக்கிறது, செய்திதான் புதிது என்னும் நிலையில் ஒலி போதும். இந்த ஓர் அளவுகோல் பல இடங்களில் பயன்படும். எனினும் அது மட்டுமே போதாது என்பதைப் பிற்கால முயற்சிகள் காட்டின.

கேட்டபின் பேசிய ஊர்கள்

திருச்சி வானொலியின் வெற்றிக்குச் சில ஆண்டுகள் முன்னரே ஒலியின் ஆற்றலை அளந்து பார்க்க ஓர் ஆய்வு நடந்தது. 1956ஆம் ஆண்டு அனைத்திந்திய வானொலியும் யுனெஸ்கோவும் இணைந்து அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில், புனேயை மையமாகக் கொண்டு, 150 ஊர்களில் வானொலி மன்றங்களை அமைத்தன. ஒவ்வோர் ஊரிலும் ஏறத்தாழ இருபது பேர் வாரம் இருமுறை கூடினர். அரைமணி நேர மராத்தி நிகழ்ச்சியைக் கேட்டனர். வானொலிப் பெட்டியை நிறுத்தியபின் கேட்டதைப் பற்றித் தங்களுக்குள் பேசினர். ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்பினர். பத்து வாரங்களில் இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின.

ஆய்வாளர்கள் மூவகை ஊர்களை ஒப்பிட்டனர்: மன்றம் உள்ள ஊர், வானொலி இருந்தும் மன்றம் இல்லாத ஊர், வானொலியே இல்லாத ஊர். மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தது. வானொலி மட்டும் இருந்த ஊர்களில் அந்த அளவு உயர்வு காணப்படவில்லை. அதே நிகழ்ச்சி, அதே குரல், அதே நேரம். வேறுபாடு, கேட்டபின் நிகழ்ந்த உரையாடலில் இருந்தது.

இம்முடிவு ஒலி, காட்சி என்னும் வழக்கையே சற்றுத் தள்ளி வைக்கிறது. எந்த வடிவம் சிறந்தது என்று கேட்பவர், அந்தப் படைப்பு முடிந்த அடுத்த நொடியில் கேட்டவர் என்ன செய்வார் என்பதையும் கேட்டாக வேண்டும். தனியாகக் கேட்டு மறப்பாரா, பக்கத்தில் இருப்பவரிடம் வாதிடுவாரா என்பது வடிவத்தைப் போலவே முதன்மையானது. இன்றைய வலையொலிகள் பலவும் தனியொருவரின் காதுக்குள் தொடங்கி அங்கேயே முடிகின்றன என்பதை எண்ணிப் பார்க்கும்போது, எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஊர்மன்றங்கள் பழமையானவையாகத் தோன்றவில்லை.

வானிலிருந்து வந்த காட்சி

தொலைக்காட்சியை ஊர்ப்புறங்களுக்குக் கொண்டுசெல்லும் பெருமுயற்சி 1975 ஆகஸ்டு 1ஆம் நாள் தொடங்கியது. விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. அதன் நிறைவேற்றத்தைக் காண அவர் உயிருடன் இல்லை. செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை எனப்பட்ட அத்திட்டத்துக்காக அமெரிக்காவின் நாசா நிறுவனம் ஏ.டி.எஸ். 6 என்னும் தன் செயற்கைக்கோளை ஓராண்டுக்கு வழங்கியது. ஆந்திரப்பிரதேசம், கருநாடகம், ஒரிசா, பீகார், மத்தியப்பிரதேசம், இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2400 ஊர்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையால் ஆன, மூன்று மீட்டர் விட்டமுள்ள அலைவாங்கிகள் அவற்றுக்காக நிறுவப்பட்டன. காலையில் பள்ளிச் சிறுவர்களுக்கும், மாலையில் ஊர்மக்களுக்கும் நிகழ்ச்சிகள் வந்தன. வேளாண்மை, உடல்நலம், குடும்பநலம் ஆகியவை அவற்றின் பொருள்.

படத்தை அதுவரை கண்டிராத ஊர்களில் முதல் நாள்களில் கூட்டம் திரண்டது இயல்பே. ஆனால் திட்டத்தை வகுத்தோருக்கு இருந்த பெருஞ்சிக்கல் மொழி. காட்சியைப் பல மாநிலங்களுக்குப் பொதுவாக வைக்கலாம். பேச்சைப் பொதுவாக வைக்க இயலாது. ஆகவே ஒரு காட்சித்தடத்துடன் இரண்டு ஒலித்தடங்களை அனுப்பும் வசதி அமைக்கப்பட்டது. ஒரே படத்தை இரண்டு மொழியினர் தத்தம் மொழியில் கேட்டுக் காண முடிந்தது. காணொலி என்பது பிரிக்க முடியாத ஒரே பொருள் அன்று, காட்சியும் ஒலியும் தனித்தனியே கழற்றி மாட்டத்தக்க இரு பகுதிகள் என்பதை அந்தத் தொழில்நுட்ப ஏற்பாடு தெளிவாக்கியது. இன்று ஒரே பாடக் காணொலிக்குப் பல மொழிகளில் குரல் சேர்ப்போர் செய்வதும் அதுவே.

1976 சூலை 31ஆம் நாள் சோதனை நிறைவுற்றது. கடனாக வந்த செயற்கைக்கோள் திரும்பிச் சென்றது. காட்சிவழிக் கல்விக்குப் படத்தை அனுப்புவோனை மட்டுமன்றி, பெட்டியைப் பழுது பார்ப்போனையும் மின்சாரத்தையும் நம்ப வேண்டியிருக்கிறது என்ற பாடம் ஊர்களில் தங்கிவிட்டது. மின்கலத்தில் இயங்கும் கையடக்க வானொலிக்கு அத்தகைய சார்பு குறைவு.

தெரிந்து தெளிவோம்

புவியின் சுழற்சியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள்கள் வழியாக உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் அவர் கொழும்பில் வாழ்ந்தார். 1975ஆம் ஆண்டின் சோதனையின்போது அவரது கொழும்பு இல்லத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் ஓர் அலைவாங்கியை நிறுவித் தந்தது.

ஒற்றை நாற்று

வானொலி நெல்லுக்கு நேர்மாறான ஒரு நெல்லைப் பற்றி இங்குக் காண வேண்டும். மடகாசுகர் தீவில் 1980களில் பிரான்சு நாட்டுப் பாதிரியார் ஒருவரால் உருவாக்கப்பட்டு, தமிழகத்தில் 'திருந்திய நெல் சாகுபடி' என்னும் பெயரில் பரப்பப்பட்ட முறை அது. இதில் புதிய விதை எதுவும் இல்லை. மாறியவை கையின் பழக்கங்கள். இருபத்தைந்து நாள் நாற்றுக்கு மாறாக ஏறத்தாழப் பதினான்கு நாள் இளநாற்று. குத்துக்கு மூன்று நான்கு என்பதற்கு மாறாக ஒற்றை நாற்று. நாற்றுக்கு நாற்று இருபத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர நடவு. வேரில் ஒட்டிய மண்ணோடு எடுத்து, அரைமணி நேரத்துக்குள், ஆழமின்றி மேலாக நட வேண்டும். நீரைத் தேக்கி வைக்காமல், வயலில் மயிரிழை வெடிப்புத் தோன்றும்போது மீண்டும் பாய்ச்ச வேண்டும். உருளும் களைக்கருவியை வரிசைகளுக்கிடையே முன்னும் பின்னும் தள்ளிக் களையை மண்ணுக்குள் அமுக்க வேண்டும்.

இவற்றை வானொலியில் சொன்னால் என்ன ஆகும்? ஒவ்வொரு சொற்றொடரும் புரியும், செயல் விளங்காது. 'மேலாக நடுக' என்றால் எவ்வளவு மேலாக? 'மயிரிழை வெடிப்பு' என்ற சொல் ஒருவர் மனத்தில் நூல்போன்ற கோட்டையும், மற்றொருவர் மனத்தில் கால் விரல் நுழையும் பிளவையும் தோற்றுவிக்கும். இரண்டாமவர் காத்திருந்தால் பயிர் வாடும். வெடிப்பை ஐந்து நொடிகள் காட்டினால் அந்த ஐயம் தீர்ந்துவிடும். பதினான்கு நாள் நாற்றின் மெல்லிய தாளைக் காணும் உழவர் முதலில் கொள்வது அச்சம். ஒற்றையாக நடப்பட்ட வயல் முதல் இரு வாரங்களுக்கு வெறுமையாகத் தோன்றும். நட்டவர் மனம் தளர்ந்து அதை உழுதுவிடக்கூட எண்ணலாம். அதே வயல் நாற்பதாம் நாளில் தூர் வெடித்து நிற்பதை அடுத்தடுத்துக் காட்டும் ஆற்றல் காட்சிக்கு மட்டுமே உண்டு. சொல் உறுதியளிக்கும், படம் சான்றளிக்கும்.

ஆயினும் இதே சாகுபடியில் காட்சிக்கு வேலையில்லாத பகுதிகளும் உள. ஏக்கருக்கு எவ்வளவு விதை போதும், எந்தப் பட்டத்தில் தொடங்கலாம், கருவிக்கு மானியம் பெற எங்கு அணுகலாம், களைக்கருவியை எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓட்டலாம் என்பன யாவும் கேட்டறியத்தக்கவை. இவற்றைக் கூறுவதற்காக ஓர் அலுவலர் நாற்காலியில் அமர்ந்து பதினைந்து நிமிடம் பேசுவதைப் படமாக்குவது வீண். அக்காணொலியில் கண் காண்பது ஒரு சட்டையையும் ஒரு மேசையையுமே. மானியம் ஆண்டுதோறும் மாறுவதால் படத்தை மீண்டும் எடுக்க வேண்டிய தொல்லையும் சேர்கிறது. ஒலிப்பதிவாயின் ஒரு மாலையில் திருத்திவிடலாம்.

இவ்வாறு பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எடுத்த காணொலியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எதுவும் குறையவில்லையெனில் அது ஒலிப்பதிவாக இருந்திருக்க வேண்டியது. பின்னர் ஒலியை அடக்கிவிட்டுக் காண வேண்டும். செயல் ஓரளவேனும் விளங்கினால் காட்சி தன் கடமையைச் செய்கிறது. இரண்டிலும் தோற்பவையும் உண்டு. அவற்றின் குறை வடிவத்தில் இல்லை.

இன்னொன்றையும் எண்ணாமல் இருக்க இயலாது. நிலத்துக்கு உரியவர் ஒருவர். நாற்று நடுபவர் வேறொருவர். நடவு நடும் பெண்களின் கையில் படவேண்டிய செய்தி, நிலவுடைமையாளரின் திறன்பேசியில் காணொலியாக வந்து அங்கேயே தங்கிவிடுமானால், மிகச் சிறந்த படப்பிடிப்பும் பயனற்றது. சேற்றில் கை வைத்திருப்பவரால் திரையைத் தொடவும் முடியாது. வேலையின் நடுவே அவர்களுக்கு எட்டக்கூடியது ஒலியே. வேலைக்கு முன்னதாக எட்டக்கூடியது கூடியிருந்து காணும் காட்சி. வடிவத்தைத் தேர்பவர், காண்போர் யார் என்பதோடு அவர் கைகள் அப்போது என்ன செய்துகொண்டிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பக்கத்து ஊர்க்காரரின் முகம்

2006ஆம் ஆண்டு பெங்களூரிலுள்ள மைக்ரோசாப்ட் ஆய்வகத்தில் 'டிஜிட்டல் கிரீன்' என்னும் முயற்சி தொடங்கியது. வல்லுநரைப் படமெடுக்காமல் உழவரைப் படமெடுப்பது அதன் வழி. ஓர் ஊரின் உழவர் தம் வயலில் தம் கைகளால் ஒரு வேளாண் முறையைச் செய்து காட்டுவார். தம் பேச்சுவழக்கில் விளக்குவார். மாலையில் அக்கம்பக்கத்து ஊர்களில் அது திரையிடப்படும். ஊர்க்காரர் ஒருவர் நடுவராக இருந்து படத்தை ஆங்காங்கே நிறுத்துவார், வினாக்கள் எழுப்புவார், யார் எந்த முறையைக் கையாள முன்வந்தனர் என்று குறித்துக்கொள்வார்.

கருநாடகத்தில் 16 ஊர்களில் 13 மாதங்கள் நடைபெற்ற ஆய்வில், வழக்கமான விரிவாக்கப் பணியோடு ஒப்பிடுகையில் இம்முறையால் புதிய வேளாண் வழிகளை ஏற்றோர் ஏறத்தாழ ஏழு மடங்கினர் என அறியப்பட்டது. செலவிட்ட பணத்துக்கு ஏற்பக் கணக்கிட்டால் பயன் பத்து மடங்கு என்றும் ஆய்வாளர்கள் எழுதினர்.

இதனைக் காணொலியின் வெற்றி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. திரையில் தோன்றியவர் தம்மைப் போன்றவர் என்பதை, காண்போர் அவரது வேட்டியிலும் வரப்பிலும் பேச்சிலும் கண்டுகொண்டனர். 'இவரால் முடியுமெனில்' என்ற எண்ணம் அங்குத்தான் பிறக்கிறது. வல்லுநரின் காணொலிக்கு அந்த ஆற்றல் இல்லை. கூடவே, படத்தை நிறுத்தி வினா எழுப்பிய நடுவரும் இருந்தார். அவர் 1956ஆம் ஆண்டின் வானொலி மன்றத்தின் வழித்தோன்றல்.

கோப்பின் எடை

வடிவத் தேர்வில் உணர்வுக்கு இடமில்லாத பகுதி ஒன்று உண்டு. அது கணக்கு. பேச்சொலியை நொடிக்கு 64 கிலோபிட் என்னும் அளவில் சுருக்கிப் பதிவு செய்தால் அரைமணி நேரக் கோப்பு 14.4 மெகாபைட் ஆகும். எளிய தரத்தில் நொடிக்கு 1000 கிலோபிட் அளவில் அமைந்த காட்சித்தடம் மட்டும் அரைமணி நேரத்துக்கு 225 மெகாபைட் ஆகும். முன்னதைப் போலப் பின்னது ஏறத்தாழ பதினாறு மடங்கு. நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று வரையறுத்த இணையத் தரவை வீட்டில் மூவர் பகிர்ந்துகொள்ளும்போது, இந்தப் பதினாறு மடங்கு வெறும் எண்ணன்று. பாடத்தின் இறுதிவரை சென்றவர் யார், பாதியில் நின்றவர் யார் என்பதை அது முடிவு செய்கிறது.

சுருக்கும் முறையும் அறியத்தக்கது. எம்.பி. 3 வடிவம், உரத்த ஒலியின் நிழலில் மறைந்து காதுக்குப் புலப்படாத நுண்ணொலிகளை நீக்கிவிடுகிறது. காணொலிச் சுருக்கமோ, முந்தைய படச்சட்டத்திலிருந்து எது மாறியதோ அதனை மட்டும் பெரும்பாலும் குறித்துக்கொள்கிறது. எனவே அசையாத சுவரின் முன் பேசும் முகம் எளிதில் சுருங்கும். காற்றில் அலைபாயும் நெல்வயல் சுருங்க மறுக்கும். ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டே இருக்கிறதல்லவா? காட்டத் தேவையில்லாத படம் எளிதாகச் சுருங்குவதும், காட்டியே ஆகவேண்டிய படம் கனத்து நிற்பதும் இக்கலையின் முரண்.

தமிழகத்தில் 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் வீடுகளுக்குச் செல்ல அது வழியாக அமைந்தது. இணையத் தரவைச் செலவிடாமல் காட்சியைக் காண வகைசெய்தது அதன் சிறப்பு. பாடநூல்களில் அச்சிடப்பட்ட விரைவுத் துலங்கல் குறியீடுகள் வழியாகக் காணொலியைப் பெறுவதற்கோ திறன்பேசியும் தரவும் தேவை. ஒரே காணொலிக்கு இரு வழிகள். எட்டும் வீடுகள் வெவ்வேறு.

கற்றல் உளவியலிலும் இதற்குத் தொடர்புடைய முடிவுகள் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு மேயர், படத்தோடு எழுத்தைத் திரையில் காட்டுவதைவிடப் படத்தோடு குரலைச் சேர்ப்பது பொதுவாக நன்கு விளங்குகிறது எனத் தம் சோதனைகளால் காட்டினார். படமும் எழுத்தும் ஒரே கண்ணுக்காகப் போட்டியிடுகின்றன. குரல் தனக்கென வேறு வாயிலைக் கொண்டுள்ளது. திரை நிறைய எழுத்தை நிரப்பி, அதையே வரி பிசகாமல் படிக்கும் பாடக் காணொலிகள் இவ்வாயில்களை ஒன்றோடொன்று மோதவிடுகின்றன.

கடற்கரை ஒலிபெருக்கி

புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் ஊர்ப்புற அறிவு மையங்களை ஏற்படுத்தி வந்தது. வீராம்பட்டினம் என்னும் மீனவ ஊரின் மையத்தினர், அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து நாள்தோறும் எடுத்தனர். அங்கே அது வண்ணப் படமாக இருந்தது. அப்படத்தை அவ்வாறே கரைக்குக் கொண்டுசெல்லவில்லை. அலை எத்தனை உயரம், காற்று எத்திசை என்பதைத் தமிழில் சொற்களாக்கி, ஒலிபெருக்கி வழியாகக் கடற்கரை முழுதும் கேட்கச் செய்தனர். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படகை நோக்கி நடப்பவர் திரையின் முன் வந்து நிற்க வேண்டியதில்லை. ஒலி அவரைத் தேடி வந்தது. காட்சியாகக் கிடைத்ததைக் குரலாக மாற்றிய அந்த முடிவில், பெறுவோரின் வாழ்வை நன்கறிந்த தெளிவு இருக்கிறது.

கண் ஒரு திசையை நோக்கினால்தான் காணும். செவிக்குத் திசை இல்லை, இமையும் இல்லை. எச்சரிக்கை ஒலிவடிவில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டா. 2004 திசம்பர் 26ஆம் நாள் காலை, அதே பகுதியின் நல்லவாடு என்னும் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. அங்கே தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்ட ஊர்க்காரர் ஒருவர், தம் வீட்டாரை எச்சரித்தார். செய்தி அறிவு மையத்தை எட்டியது. அங்கிருந்த ஒலிபெருக்கி, ஊரைவிட்டு வெளியேறுமாறு உடனே அறிவித்தது. படகுகளும் வீடுகளும் அழிந்தன. ஊரார் உயிர் தப்பினர். தொலைக்காட்சியின் காட்சி தொலைபேசியின் குரலாகி, பின் ஒலிபெருக்கியின் கட்டளையாயிற்று. அந்தச் சில நிமிடங்களில் ஒரே செய்தி மூன்று வடிவங்களை எடுத்தது.

காணாதாரும் கேளாதாரும்

இதுவரை கூறியவை யாவும் கண்ணும் செவியும் வாய்க்கப்பெற்றோரை எண்ணிக் கூறியவை. பார்வையற்றோருக்காகப் பேசும் நூல்கள் இங்கிலாந்தில் 1935ஆம் ஆண்டு இசைத்தட்டுகளில் வெளிவந்தன. முதல் உலகப்போரில் கண்ணிழந்த வீரர்களில் பலர் புடையெழுத்தை விரலால் படிக்கப் பழக இயலாமல் தவித்ததே அதற்குத் தூண்டுகோல். ஒலிவடிவம் அவர்களுக்கு ஒரு தெரிவாக வாய்க்கவில்லை. அதுவே நூலகமாக அமைந்தது. செவித்திறன் அற்றோருக்கோ அதே ஒலிப்பதிவு சாத்திய கதவு.

ஆதலால் ஒலிப்பதிவு செய்வோர் அதன் எழுத்து வடிவத்தையும் உடன் வழங்க வேண்டியவராகின்றனர். காணொலி எடுப்போர் கீழ்வரி எழுத்தையோ சைகைமொழி பெயர்ப்பையோ சேர்க்க வேண்டியவராகின்றனர். பார்வையற்றோர் பொருட்டுக் காட்சியை விவரிக்கும் குரலும் தேவை. 'இதோ, இப்படிப் பிடித்து, இங்கே நடுங்கள்' என்று சொல்லும் காணொலி அவர்க்கு எதையும் தராது. 'கட்டை விரலாலும் சுட்டு விரலாலும் வேர்ப்பகுதியைப் பிடித்து' என்று சொன்னால், பார்வையுள்ளோருக்கும் அது கூடுதல் தெளிவே. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், மின்னணு ஊடகங்களில் வருவன ஒலிவிவரிப்பு, சைகைமொழி, கீழ்வரி எழுத்து ஆகியவற்றோடு கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கூறுகிறது. படப்பிடிப்பு முடிந்தபின் இவற்றை ஒட்டவைப்பது கடினம். உரையை எழுதும்போதே எண்ணியிருந்தால், உரைக்குரிய சொற்கள் பெரும்பாலும் தாமே வந்தமையும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டார் அல்லது அண்டை வீட்டார் செய்யும் கைத்தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒலிப்பதிவுக்கு உரிய பகுதிகளையும் காணொலிக்கு உரிய பகுதிகளையும் பிரித்து எழுதுக.

2. பாடக் காணொலி ஒன்றை முதலில் கண்ணை மூடிக் கேட்டும், பின்னர் ஒலியை அடக்கிக் கண்டும், நீங்கள் அறிந்த வேறுபாடுகளை வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரில் வெள்ளம் அல்லது புயல் எச்சரிக்கை மக்களை எவ்வாறு சென்றடைகிறது எனக் கேட்டறிந்து, பார்வையற்றோருக்கும் செவித்திறன் அற்றோருக்கும் அது எட்டுகிறதா என்பது குறித்து ஒரு பக்க அளவில் அறிக்கை உருவாக்குக.